ஒரு கைப்பிடிச் சரளை

சைவக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது இதைக் கேட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதையில் குருவே மீன் தின்கிறவள்.

பெயர் மாதேவி. நீலமலையின் மேற்குச் சரிவில் ஓர் ஏரிக்கரையில் ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் வளர்த்தாள். குஞ்சுகளைச் சிமெண்டுத் தொட்டியில் வளர்ப்பது, முக்கால் முழம் வந்ததும் ஏரியில் விடுவது, தூண்டிலோடு வருகிற பயணிகளுக்குக் கரையைக் காட்டுவது. வேலை இவ்வளவுதான். காவி கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஆனாலும் மனசு நொந்தவர்கள் மலையேறி வந்து அவளோடு சில நாள் இருந்துவிட்டுத் தெளிந்து இறங்கினார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

தணிகாசலம் மட்டும் இறங்காமல் தங்கிவிட்டார். பவானியில் ஜமுக்காளக் கடை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வந்தவர். மாதேவியைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

அன்று மத்தியானம் பவானியிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. அவர் மலையில் ஞானியாகிவிட்டார் என்று ஊரில் பேச்சாகி, வந்தவர்கள் தணிகாசலத்துக்கென்று அங்கே ஒரு கூடமே கட்டிவிட்டார்கள். மேடை, மைக், அவர் உட்கார மெத்தை வைத்த நாற்காலி எல்லாம் தயார். அவர் வரவில்லையென்றால் அந்த நாற்காலியில் உட்கார வேறொருவர் காத்திருக்கிறார் என்பதையும் அவர்களின் தலைவர் ரத்தினசபாபதி நாசூக்காகச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் காட்டிலாகா கேட்டைத் தாண்டியாக வேண்டுமாம்.

தணிகாசலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. போக ஆசை. சாதாரண ஆசை இல்லை. வாழ்நாளெல்லாம் ஜமுக்காளம் விரித்துக் காட்டியவரை, நாலு பேர் ஜமுக்காளம் விரித்து உட்காரக் கூப்பிடுகிறார்கள். இந்த வயதில் இன்னொரு தடவை கூப்பிடுவார்களா? ஆனால் மாதேவி வாய்திறந்து சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

அவள் கைவலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நான் போகலாங்களா?”

“போயி?”

“நாலு பேருக்கு நல்லது சொல்லலாமுங்க.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எனக்குப் பசிக்குது. ஏரியில ஒரு மீன் பிடிச்சு வறுத்துக் குடுங்க அண்ணா. தொட்டி மீன் வேண்டாம். தின்னுட்டுச் சொல்றேன்.”

தூண்டிலைத் தூக்கிக்கொண்டு தணிகாசலம் ஓடினார். ஓடுகிற வயதா அது!

ஏரியில் காற்று குறுக்கே அடித்தது. பூச்சி மாதிரி இறகு கட்டிய முள்ளை வீசினார். கரையிலேயே வந்து விழுந்தது. மறுபடி வீசினார். நாணலில் சிக்கியது. அப்புறம் சரியாகத்தான் விழுந்தது, ஆனால் மீன்தான் தொடவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. மலை நிழல் தண்ணீரில் பாதி தூரம் வந்துவிட்டது. நாசமாய்ப் போன மீன், முந்தாநாள் வரை தொட்டியில் என் கையால் தின்ற மீன், இன்றைக்குப் பார்த்து வீம்பு பிடிக்கிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

என் கையால் தின்ற மீன்.

அந்த நினைப்பு வந்ததும் அவர் தூண்டிலைக் கீழே வைத்தார். தொட்டி மீனுக்குத் தினமும் தீனி உருண்டையை வாரி வீசுவது அவர்தான். அது தண்ணீரில் பொலபொலவென்று விழும் சத்தம் கேட்டால் போதும், மீன்கள் முட்டி மோதிக்கொண்டு மேலே வந்துவிடும். தீனி மூட்டை கொட்டகையில் இருந்தது. அங்கே போய்வர நேரமில்லை. கரையோரப் பாதையில் புதிதாகச் சிவப்புப் பொடிச் சரளை கொட்டியிருந்தார்கள். குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினார். தீனி வீசுகிற அதே லாவகத்தில் வீசினார்.

பொலபொல.

தண்ணீர் கொதித்தது. கறுப்பு முதுகுகளும் ரோஜாப்பட்டை ஓடிய விலாக்களும் ஒன்றன்மேல் ஒன்று புரண்டன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முள்ளைப் போட்டார். உடனே கம்பு வளைந்தது. தூண்டில் நரம்பு விர்ரென்று ஓடியது. அறுந்துவிடக் கூடாதே, அறுந்துவிடக் கூடாதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இழுத்து, மீனை வலையில் வாங்கினார். என்ன மூளையப்பா உனக்கு என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

சமையற்கட்டில் மாதேவி அடுப்பு மூட்டியிருந்தாள். விறகு ஈரம். புகை மண்டிக் கிடந்தது. தணிகாசலம் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ட்ரவுட்டுக்குச் செதில் உரிக்கும் வேலை இல்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கறுப்பு ரத்தத்தைக் கட்டைவிரலால் வழித்தால் போதும். அப்படித்தான் செய்தார். ஏதோ விரலில் நறநறத்தது.

“இரைப்பையையும் கீறுங்க அண்ணா” என்றாள் மாதேவி.

“தூக்கிப் போடறதுதானுங்களே?”

“கீறுங்க.”

கீறினார். யூகலிப்டஸ் மரத்துக் காய் இரண்டு வந்து விழுந்தது. சிகரெட்டுப் பஞ்சு ஒன்று. பிறகு சிவப்புப் பொடிச் சரளை, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு.

தணிகாசலம் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தார். அதன் நிறம் அவருக்குத் தெரியும். சற்று முன்தான் அது அவர் உள்ளங்கையில் இருந்தது.

“கல்லையுமா முழுங்கும்?”

“நீங்க போட்டா, அது கல்லுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை என்னமோ செய்தது. மீனுக்கு மஞ்சளும் மிளகும் உப்பும் தடவினாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். தோசைக்கல்லில் எண்ணெய் காயக் காத்திருந்தாள்.

“எல்லா மீனும் இப்படித்தானுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஏரியில விட்டதும் பாதிக்கு மேல இப்படித்தான். வயிறு நிறைஞ்சே செத்துப் போகும். சிலது எதையும் தொடாது. பட்டினி கிடந்து மெலிஞ்சு போகும். ஒரு நாள் தண்ணி மேல ஈ வந்து உக்காரும். அன்னிக்கு அதுவா எம்பிப் பிடிக்கும். அதுதான் பிழைக்கும்.”

அவள் மீனைக் கல்லில் போட்டாள். சொய்ங் என்ற சத்தத்தோடு சமையற்கட்டே மணத்தது. அந்த நேரம் பார்த்து ரத்தினசபாபதி வாசற்படியில் வந்து நின்றார். கையில் செல்போன். பின்னால் வேன் கூட்டம் முழுவதும்.

“ஐயா, நேரமாகுதுங்க. கேட்டை மூடிருவாங்க. வழிக்கு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அதைக் கேட்டுக்கிட்டே கிளம்பிரலாமுங்க.”

புகை தணிகாசலத்தின் கண்ணைக் கரித்தது. மனசுக்குள் வேறு அந்தச் சரளை உருண்டுகொண்டிருந்தது.

“கண்ணு எரியுதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க!” என்று சிடுசிடுத்தார்.

ரத்தினசபாபதி கண்ணை மூடினார். கையைக் கூப்பினார். திரும்பி, பின்னால் நின்றவர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“கண்ணு எரியுது. தள்ளி நில்லுங்க.”

கூட்டம் பயபக்தியோடு ஓரடி பின்வாங்கியது. “தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க” என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஒருத்தர் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அடி பின்னால் போய் மல்லாக்க விழப் பார்த்தார்.

“ஐயையோ, புகைக்குச் சொன்னேனுங்க!” என்று பதறினார் தணிகாசலம்.

“அதையும் பதிவு பண்ணிக்கிட்டேனுங்க” என்றார் ரத்தினசபாபதி.

தணிகாசலம் அவர்கள் முகங்களைப் பார்த்தார். நல்ல முகங்கள். கடன்வாங்கி வேன் பிடித்து இவ்வளவு தூரம் வந்த, கபடம் இல்லாத முகங்கள். அத்தனை பேரும் வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பயம் வந்தது. கடையில் நெருப்புப் பிடித்த வருஷம்கூட இப்படிப் பயந்ததில்லை.

“ஒரு நிமிஷமுங்க” என்று கதவைச் சாத்தினார்.

மாதேவி மீனைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கமும் முறுகியதும் தட்டில் எடுத்தாள். முதுகுப்பக்கத்தில் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டு நிதானமாக மென்றாள். வெளியே ஹாரன் அடித்தது. அவள் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். இன்னொரு துண்டு பிட்டாள்.

“நல்லா வந்திருக்கு அண்ணா.”

“அம்மா, சொல்லிருங்க. என்னால தாங்க முடியலை. நான் போக வேண்டாந்தானுங்களே?”

“போகாதீங்கன்னு நான் சொல்லலையே. உங்களைக் கூப்பிட்டுத்தானே வந்திருக்காங்க?”

“அந்த வாய்ங்களைப் பார்த்தீங்களா? நான் எதைச் சொன்னாலும் உள்ள போயிருமுங்க. நான் போய் என்னத்தைங்க போடறது?”

மாதேவி தட்டிலிருந்த மீனில் பாதியைப் பிட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

“ஒண்ணும் போடாதீங்க அண்ணா. அவங்களுக்குப் பசிக்க விடுங்க.”