பன்றியும் குத்தவில்லை, பாம்பும் கடிக்கவில்லை

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் இருந்தது. வம்சப் பெருமை பேசுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளே கிடையாது. பால்குடி மறந்த குட்டியின் காது நுனியைத் தலைவன் கொடும்பல்லன் கடித்து அடையாளம் வைப்பான். அப்போதுதான் குட்டி கூட்டத்தில் சேர்த்தி.

செவலி என்ற தாய் நாயின் மூத்த மகன், அப்படிக் கடிபட்ட மறுநாளே இரத்தம் நிற்காமல் செத்துப் போனான். இன்று சாயங்காலம் இளையவன் மிளகனின் முறை. மூத்தவன் ஏன் செத்தான் என்று செவலி தலைவனிடமே போய்க் கேட்டாள்.

“என் பல்லுல ஒரு குறையும் இல்ல! மூத்தவனக் காட்டுப்பன்னி குத்தியிருக்கும்!” என்றான் தலைவன்.

செவலி பன்றியிடம் ஓடினாள். “என் புள்ளைய ஏன் குத்துன?”

“நானா?” பன்றி கிழங்கை மெல்லுவதை நிறுத்தியது. “உன் புள்ள கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது! உங்க அக்கா மகன் செத்தப்பவும் பழிய என் தலையிலதான் போட்டீங்க. உங்க மாமன் செத்ததுக்குச் சாரைப்பாம்பு. போய் அதையும் கேளு!”

புற்றுக்குள்ளிருந்து சாரைப்பாம்பு எட்டிப் பார்த்தது. “நான் கடிச்சு உங்க மாமன் செத்தாரா? எனக்கு விஷமே கிடையாதே தாயி!”

பன்றியும் இல்லை, பாம்பும் இல்லை. அப்படியானால் கொன்றது யார்? பொய் சொல்வது யார்? தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்தவள், குடிக்க மறந்து நின்றாள். அங்கே அவள் அக்கா பூவாலி நின்றிருந்தாள்.

“அக்கா, உன் மகன நெசமாவே பன்னிதான் குத்துச்சா?”

“மெல்லப் பேசுடி!” பூவாலி சுற்றுமுற்றும் பார்த்தாள். “எலும்பு கடிச்சப்ப ஈறு கிழிஞ்சுது, அவ்வளவுதான். ரத்தம் நிக்கவே இல்ல. மாமனுக்கு ஒரு முள்ளு கீறினதுதான். நம்ம அம்மா வழியில ஆம்பளப் புள்ளைங்களுக்கு இப்படி வருது. வெளிய தெரிஞ்சா நம்ம பொண்ணுங்கள யாரு கட்டுவா?”

“எனக்குப் பட்ட காயமெல்லாம் ஆறிடுச்சே! என் புருஷனுக்கும் ஒண்ணும் இல்லயே! அப்புறம் என் புள்ளைக்கு எப்படி?”

“அதுதான்டி எனக்கும் புரியல.”

“தெரிஞ்சுமா என் மூத்தவன் காத நீட்ட விட்ட?”

செவலிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஓடினாள்.

மிளகனின் காது தலைவனின் வாய்க்குள் இருந்தது.

“நிறுத்துங்க! அவனுக்கு ரத்தம் வந்தா நிக்காது! அது எங்க வம்சத்துக் குறை!”

தலைவன் கடிக்காமல் காதை விட்டான். “காது கடிபடாதவன் நம்ம கூட்டமா?” என்று உறுமினான்.

“அடையாளம்தானே வேணும்? செம்மண்ணப் பூசுங்க!”

“இவ உளறுறா!” என்றது ஒரு குரல்.

“உளறல,” என்று பின்னாலேயே ஓடிவந்த பூவாலி மூச்சிரைக்கச் சொன்னாள். “என் மகனும் அப்படித்தான் போனான். பன்னி மேல பழி போட்டது நான்தான்.”

ஓரத்தில் இன்னொரு தாய் தன் மகனை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த தலைவன் விழித்தான். கடிப்பதா, விடுவதா? கடைசியில் முன்னங்காலால் செம்மண்ணைக் கிளறினான்.

துள்ளி ஓடிவந்த மிளகனின் காது சிவந்திருந்தது. செவலிக்கு ஒரு கணம் உயிரே போய்விட்டது. நக்கிப் பார்த்தாள். மண்தான்.

குடும்பத்துக் குறையை ஊரார் மேல் பழிபோட்டு மறைத்தால், அதற்குப் பலியாவது நம் பிள்ளைகளே.