மகா லோடாதிபதி

சிரிப்பு வரும், அதற்கு நான் கேரண்டி. ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். முதலில் கொஞ்சம் வயரிங் வேலை இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், சிரிப்பு எங்கேயும் ஓடிப்போகாது.

கருங்கூர் என்று ஒரு மலைக்கோட்டை. ஊர் மின்கம்பி அடிவாரத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அதனால் உதயசேன மகாராஜா அரண்மனைக் கூரையில் சோலார் தகடு போடச் சொன்னார். போட்டவர் தாண்டவராயர். அவருக்குச் சபையில் மின்சாரம் பார்ப்பதும் வேலை, மகாராஜாவைச் சிரிக்க வைப்பதும் வேலை. ஆபத்து வந்தது மின்சாரத்தால்தான்.

தினமும் அந்தி சாயும் நேரத்தில் சபை கூடும். விளக்குகள் எரியும், விசிறிகள் சுற்றும். மகாராஜா பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல, "சபையோர்களே..." என்று ஆரம்பிப்பார். பொசுக்கென்று இருட்டிவிடும்.

மகாராணியின் தம்பி பூவராகருக்கு இது பாயசம் சாப்பிட்ட மாதிரி. மின்சார இலாகா தம் கைக்கு வர வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. முழுக்க மூக்காலேயே பேசுவார்.

"அத்தான், இந்த ஆள் போட்ட தகடு டூப்ளிகேட்டுங்கறேன்! கோட்டையை விட்டுத் துரத்துங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"தாண்டவராயரே, என்ன சொல்கிறீர்?"

"தகட்டில் குறையில்லை மகாராஜா. பகலெல்லாம் வெயிலைக் குடித்து மின்சாரமாக்கித் தருகிறது. நடுவில் ஒரு கண்ட்ரோலர். பேட்டரிக்கு வயிறு நிரம்பினால், 'போதும்' என்று இலையை மடக்கிவிடும். பேட்டரி ஒரு குளம், சேர்த்து வைக்கும். இன்வெர்ட்டர் அதன் மதகு. உள்ளே இருக்கிற மின்சாரத்தை விளக்குக்கும் விசிறிக்கும் தோதாக மாற்றி அனுப்பும். ஆனால் ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் இழுத்தால், குளம் தளும்பினாலும், 'ஆளை விடுங்கப்பா' என்று நின்றுவிடும். அந்தி நேரத்தில் யாரோ அரண்மனையில் பெரிய லோடு போடுகிறார்கள்."

"லோடா?" பூவராகர் மூக்கு முழுக்கச் சிரித்தார். "லோடுன்னா என்னன்னு எனக்கே பாடமா? மணல் லோடு, செங்கல் லோடு, எத்தனை இறக்கியிருக்கேன்! கனம் கூடினா வண்டி நிக்கும். விளக்கு எதுக்குய்யா நிக்கணும்?"

தாண்டவராயர் திருத்துவதற்காக வாயைத் திறந்தார். எதையோ யோசித்தார். மூடிக்கொண்டார்.

(இங்கே சிரிக்கலாமா என்றால், கூடாது.)

"அறை அறையாகப் போய்ப் பார்க்க உத்தரவு வேண்டும் மகாராஜா."

"என் அறைக்குள்ள வயர்க்காரனா? அக்கா, கேட்டியா இதை!" என்று பூவராகர் அலறினார். மகாராணியின் புருவம் ஒன்று மேலே போனது. மகாராஜா கொடுக்க இருந்த உத்தரவு தொண்டைக்குள்ளேயே திரும்பிவிட்டது.

பூவராகர் விடவில்லை. "நாளைக்கும் அணைஞ்சா, அணைய வச்சவன் யாரோ அவன் மூட்டையைக் கட்டணும். ஆணை போடுங்க அத்தான்!"

"ஆணை!" என்றார் மகாராஜா. மகாராணி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் வேறென்ன சொல்வார்?

தாண்டவராயர் கைகட்டிச் சொன்னார்: "சம்மதம். அதற்கு முன் ஒரு போட்டி மட்டும் நடத்திவிடுகிறேன். மைத்துனர் பேசிய பிறகுதான் எனக்கே புத்தி வந்தது. சுவரில் செருகும் சாமான்களில் எவருடையது பெரிய லோடோ, அவருக்கு 'மகா லோடாதிபதி' என்று பட்டம்!"

மறுநாள் அந்தியில் சபை சந்தைக்கடையாகிவிட்டது. தளபதி மேசை விசிறியோடு வந்தார். மகாராணி மிக்ஸியை அனுப்பினார். ராஜகுருவிடம் இருந்தது ஒரு செல்போன் சார்ஜர்தான். அதையும் வெட்கத்தோடு மேல்துண்டில் மறைத்துக்கொண்டு நின்றார்.

வாசலில் ஒரே கூச்சல். "வழி! வழி! தண்ணியோடவே தூக்குங்கடா, கனம் குறைஞ்சா தொலைச்சிடுவேன்!"

நான்கு ஆட்கள் மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள், உருண்டையாக, வெள்ளையாக ஒரு பூதத்தை.

"என்ன மைத்துனரே இது?"

"கீசர், அத்தான்! யாருக்கும் தெரியாம மலையேத்தினேன். சபைக்கு வர்றதுக்கு முன்னாடி சுடச்சுட ஒரு குளியல் போட்டாத்தானே முகத்துல ஒரு களை? குளிச்சிட்டு அதை அணைக்கற பழக்கமெல்லாம் எனக்கில்ல."

"கரண்ட் குடிக்காதா?"

"அது என்ன விளக்கா, எரியறதுக்கு? சும்மா தண்ணிதானே சுடுது!"

மகாராஜா அண்ணாந்து பார்த்தார். "அட, இன்று விளக்கு அணையவே இல்லையே!"

"என் அறையிலேருந்து பாரம் இறங்கிடுச்சுல்ல? நான் அப்பவே சொன்னேன்!"

"சத்தியமான வார்த்தை" என்றார் தாண்டவராயர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

தராசு கொண்டு வந்தார்கள். கீசர் ஏறிய தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. எதிர்த் தட்டில் மிக்ஸி, விசிறி, சார்ஜர் எல்லாம் சேர்ந்தும் ஊஞ்சலாடின. பூவராகர் கழுத்தில் மாலை விழுந்தது.

"இனி லோடு என்றால் பூவராகர்! பூவராகர் என்றால் லோடு!" என்று தாண்டவராயர் முழங்கினார். பூவராகரின் மார்பு சட்டைப் பொத்தானைச் சோதித்தது. "பட்டம் வாங்கியவர் தம் லோடைத் தம் கையாலேயே போட்டுக் காட்ட வேண்டும். அதோ, சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட்."

"இதென்ன பிரமாதம்!" மாலையைச் சரிசெய்துகொண்டு பூவராகர் செருகினார். சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஸ்விட்ச்சைத் தட்டினார்.

"கீய்ய்ங்ங்!" என்று இன்வெர்ட்டர் வீறிட்டது. எல்லா விசிறியும் சோர்ந்து நின்றது. கும்மிருட்டு.

இருட்டுக்குள்ளிருந்து பானைக் குரல்: "விளக்கை அணைத்தது யார்?"

"மகா லோடாதிபதிதான் மகாராஜா."

பானை குலுங்க ஆரம்பித்தது. மகாராஜா சிரிக்கிறார். தளபதி சிரிக்கிறார். மகாராணியின் வளையலும் சேர்ந்து சிரிக்கிறது. (சரி, நீங்களும் சிரியுங்கள்.)

அத்தனை சத்தத்துக்கும் நடுவில், மூக்கிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது.

"அத்தான்... லோடுன்னா கனம் இல்லையா? ஐயையோ, அப்போ அந்த ஆணையை... நானேவா போடச் சொன்னேன்?"