தட்டான் வராத குளம்

பூங்கரையை ஆண்ட ரங்கபூபதி ராஜாவுக்கு எதிரி நாட்டுப் படையைவிட மச்சினர்மேல்தான் பயம். தீபாவளிதோறும் ராணிக்குச் சீர் கொண்டு வருவார் அந்த மனிதர். ஏதாவது ஒரு குறை சொல்லாமல் திரும்ப மாட்டார். போன வருஷம் அரண்மனைக் குளத்தைப் பார்த்துவிட்டு, தன் குளத்தில் தட்டான் கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது, இங்கே பேருக்கு ஒன்றுகூட இல்லையே என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தீபாவளிக்குத் தட்டான் வந்தாக வேண்டும், அதுவும் பிடித்து விடாமல் தானாக வர வேண்டும் என்று தோட்டத்தை மேற்பார்க்கும் மணியம் வையாபுரிக்கு உத்தரவு போட்டார்.

வையாபுரி குளத்தைச் சுற்றி ரோஜாவும் மல்லிகையுமாக நட்டுத் தள்ளினார். தேனீ வந்தது. ராஜாவின் மூக்கிலேயே ஒன்று கொட்டியது. தட்டான் வரவில்லை. தோற்றவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? "செடி வைத்தது என் வேலை மகாராஜா. வராதது தட்டானின் குற்றம். சபையில் எல்லாம் தெரிந்த சாத்தப்பன் இருக்கிறாரே, அவர் வரவழைக்கட்டும்" என்று கோத்துவிட்டார்.

சாத்தப்பன் சந்தையில் கோரைப்பாய் விற்றவர். ராஜாவிடமே பேரம் பேசி ஜெயித்துச் சபைக்குள் வந்தவர். அது மணியத்துக்கு ஆகாது.

"தட்டான் வராவிட்டால் நீ பழைய பாய்க்கட்டைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான்" என்றார் ராஜா.

"தட்டான் தேன் குடிக்காது மகாராஜா, கொசு தின்னும். புலியை விருந்துக்குக் கூப்பிட்டுத் தயிர்சாதம் போட்டிருக்கிறார் மணியம்" என்றார் சாத்தப்பன்.

கோரை அறுத்த காலத்தில் அவர் கண்ணால் பார்த்த சங்கதி இது. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள் பாசியில் வளரும். பிறகு கோரைத் தண்டில் ஏறித் தோலை உரித்துக்கொண்டு பறக்கும். ஆகவே கரையோரம் கோரையும் சம்பம்புல்லும், நடுவில் அல்லி, அடியில் பாசி என்று வைத்தார். குஞ்சுகளைத் தின்னும் மீன்களைக் கோயில் குளத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குளம் மொட்டை. மணியத்தின் ஆட்கள் பன்னிரண்டு பேர் வலைபோட்டு எல்லாவற்றையும் வாரிவிட்டார்கள். கேட்டதற்கு மணியம் ஒரு செப்பேட்டை நீட்டினார். ராஜாவின் தாத்தா போட்ட கட்டளை: ராஜா குளத்தைப் பார்ப்பதற்குள் அதில் புல், பூண்டு, பாசி ஏதும் இருக்கக் கூடாது. பெரியவர் கட்டளை, ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

சாத்தப்பனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் செப்பேட்டை இரண்டு தரம் படித்தார். நேரே ராஜாவிடம் போய், இனிமேல் குளத்துப் பக்கம் பார்க்கவே கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு, மறுபடியும் எல்லாவற்றையும் நட்டார்.

மறுநாள் விடியும்போது வலையோடு வந்த மணியத்தின் ஆட்களைக் குளத்துப் படிக்கட்டில் மறித்து நின்றார்.

"என்னப்பா அவசரம்?"

"ராஜா பார்க்கிறதுக்குள்ளே வாரணும் சாமி."

"அவர் இப்போதைக்குப் பார்க்கப் போவதில்லை. நிறைய நேரம் இருக்கிறது. போய் உட்காருங்கள்."

மணியம் செப்பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராஜா பார்க்கவே இல்லையென்றால் எதற்குள் வார வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

தீபாவளிக்கு மச்சினர் வந்தார். அவரைக் குளக்கரைக்கு அழைத்துப் போனார்கள். கோரை நுனிக்கு ஒன்று, அல்லி மொட்டுக்கு ஒன்று என்று சிவப்பும் மஞ்சளுமாகத் தட்டான்கள். ராஜா குளத்தைப் பார்க்க வந்துவிட்டார் என்று மணியம் வலையோடு ஓடிவந்தார். அங்கே ராஜாவோ குளத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்க ஆசைப்பட்டது மச்சினரின் முகத்தைத்தான். அது போன போக்கைப் பார்த்து அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மச்சினரால் தாங்க முடியவில்லை. "எங்கள் குளம் இதில் பாதிகூட இல்லை. இந்தத் தோட்டத்துக்கு அதிகாரி யார் மாமா? ஒரு வருஷத்துக்கு எனக்குக் கொடுங்கள்" என்றார்.

ராஜா விழித்தார். சாத்தப்பன் முந்திக்கொண்டு மணியத்தின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இவர்தான். வலையோடு தயாராகவே நிற்கிறார். தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்."

மச்சினரின் பல்லக்கு ஊர் எல்லையைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ராஜா, அப்புறம் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழுந்தது. மணியம் வேலை அன்றைக்கே சாத்தப்பனுக்கு வந்தது.