வாரிசின் மீசை

கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலைப் பார்த்து முடித்ததும், முதலாளி உலகநாதர் மாளிகைமேட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். சோழர் அரண்மனை இருந்த இடம் அது. இப்போது செங்கல் அடித்தளமும் மழைத்தண்ணீர் தேங்கிய குழிகளும்தான் மிச்சம்.

கூட வந்திருப்பது புதுச் சம்பந்தி வீட்டார். முதலாளி வாய் சும்மா இருக்குமா? முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டே, "நாங்க சோழ வம்சம். இது எங்க பாட்டன் வீடு" என்றார். பிறகு டிரைவர் காத்தமுத்துவைப் பார்த்துத் திரும்பினார்.

"சிம்மாசனம் எங்கடா இருந்துச்சு? அங்க நின்னு நான் போட்டோ எடுக்கணும். காட்டலைன்னா சாவியை வச்சுட்டுக் கிளம்பு."

காத்தமுத்து கைகட்டி நின்றான்.

"காட்டுறேங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. அரண்மனை அழிஞ்சப்போ செத்தவங்களுக்கு யாரு காரியம் செஞ்சாங்களோ, தெரியலை. இப்ப வாரிசு நீங்க வந்துட்டீங்க. தலையையும் மீசையையும் எடுத்துட்டு, எள்ளும் தண்ணியும் இறைச்சுட்டு நின்னா முறையா இருக்கும். கடைத்தெருவுல சவரக்காரர் இருக்காரு, கூட்டியாரட்டுமா?"

"நியாயம்தானே" என்று சம்பந்தி தலையாட்டினார்.

முதலாளியின் கை மீசையை மூடியது. "நேர் வாரிசுன்னு இல்லை. ஏதோ தூரத்துச் சொந்தம்னு சொல்லுவாங்க. மழை வருது, கிளம்பலாம்."

எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். காத்தமுத்து மட்டும் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் செங்கல்மேல் ஊற்றினான்.

"என்னடா பண்ற?"

"வாரிசு இல்லைன்னுட்டீங்களே ஐயா. அனாதைப் பொணத்துக்கு யாரு வேணா ஊத்தலாம்."