குறை சொல்லாத நர்ஸ்

"வாயைத் திறந்தா குறைதான், அம்மா. அறுபது நர்சுகளை வெச்சு ஒரு ஆஸ்பத்திரியை நடத்துறதுக்குள்ள உசிரு போகுது" என்றார் டாக்டர் கோமதிநாயகம்.

தவமணி அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டாக்டரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஆஸ்பத்திரி சூப்பிரண்டு ஆன நாள்முதல், எதற்கெடுத்தாலும் டாக்டர் ஓடி வருவது எதிரே இருந்த அம்மையின் ஆசிரமத்துக்குத்தான்.

"என்ன குறை சொல்றாங்க?"

"அதையெல்லாம் யாரும்மா காது குடுத்துக் கேக்குறது?"

அம்மை ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"குறையே சொல்லாதவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

டாக்டரின் முகம் மலர்ந்தது.

"ஒருத்தி இருக்கா. மூணாம் வார்டு எப்சிபா. முகம் சட்டுனு ஞாபகம் வரலை. ஆனா டியூட்டி ஷீட்டுல மாசம் தவறாம பேர் இருக்கும். ஒரு நாள் லீவு கேட்டதில்லை. அவளையே தலைமை நர்சா போட்டுடலாம்னு இருக்கேன்."

அம்மையின் கை நின்றது.

"கையோட கூட்டிட்டு வாங்க. நானும் பாக்கணும்."

டாக்டர் உற்சாகமாகச் சாலையைக் கடந்தார்.

மூன்றாம் வார்டில் நர்ஸ் லில்லிபுஷ்பம் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்சிபா எங்கே?"

லில்லிபுஷ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவ செத்து எட்டு மாசம் ஆகுது சார்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஷீட்டுல பேர் இருக்கே?"

"போன மாச ஷீட்டுல மாசத்தை மட்டும் மாத்தித்தானே சார் கையெழுத்துப் போடுறீங்க."

"அப்ப அவ டியூட்டியை யாரு பாக்குறா?"

"நாங்கதான். மாத்தி மாத்தி. அவ இடத்துக்கு ஆள் கேட்டு மூணு தடவை எழுதிக் குடுத்தோம். 'பார்க்கலாம்'னு எழுதி அனுப்பிட்டீங்க."

"செத்தது எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"வார்டுல அஞ்சு பேர் ஒரே நாள்ல லீவு போட்டோம்னு மெமோ குடுத்தீங்களே சார். அன்னைக்குத்தான் அவளை அடக்கம் பண்ணினோம்."

திரும்பச் சாலையை எப்படிக் கடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அம்மையின் எதிரே பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

"கூட்டிட்டு வரலையா?"

"அவங்க இறந்து எட்டு மாசம் ஆச்சும்மா."

அம்மை முறத்தைத் தள்ளி வைத்தார்.

"சரி. மத்தவங்க ஏன் குறை சொல்றாங்க?"

டாக்டர் சாலைக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரியைத் திரும்பிப் பார்த்தார்.

"உயிரோட இருக்காங்க, அம்மா."