வெயிலில் வெடித்த பந்து

முதலில் சத்தம்தான் வந்தது. காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ‘ப்ரீஈஈ’. அதற்கப்புறம்தான், விளையாட்டு அறை வாசலில் கிடந்த சாக்குப் பைக்குள்ளிருந்து பித்தளை விசில் தலையை நீட்டியது.

அது ஒரு காலத்தில் கால்பந்தில் பேர் வாங்கிய கல்லூரி. இப்போது யாரோடு மோதினாலும் தோல்விதான். அதனால் அந்த அறைப் பொருள்களெல்லாம் கூடிப் பேசி, வெளியூர்க் கல்லூரியிலிருந்து இந்த விசிலைப் பயிற்சியாளராக வரவழைத்திருந்தன. எப்படியும் ஜெயிக்க வைத்துவிடும் என்று அதற்குப் பேர். பந்துகளைக் காவு வாங்கும் என்றும் பேர்.

விசிலுக்குப் பின்னாலேயே பையிலிருந்து ஒரு கிழிந்த பந்துத் தோல் சரிந்து விழுந்தது.

“இது யாரு, உங்க பழைய சிஷ்யனா?” என்றது வலை.

“வெயில்ல கெடந்து வெடிச்சவன்,” என்றது விசில்.

“எங்க ஊர்லயும் வெயில் அடிக்குது. ஒண்ணும் வெடிக்கலையே!”

“நீ சும்மா இரு,” என்று அலமாரி மேலிருந்து கோப்பை அதட்டியது. “எனக்குள்ள பல்லி முட்டை போட்டிருக்கு. அந்த அவமானம் உனக்கென்ன தெரியும்?” பிறகு பந்துகளுக்குக் காற்றடிக்கும் பம்பிடம் திரும்பியது. “தம்பி, காத்து விஷயம் தெரிஞ்சவன் நீதான். பார்த்துச் சொல்லு. நீ சரின்னா வச்சுக்குவோம். இல்லேன்னா திருப்பி அனுப்பிடலாம்.”

பம்பு குனிந்து பார்த்தது. தையல் நூலெல்லாம் வெளிப்பக்கமாகப் பிய்ந்து நின்றது. அளவுக்கு மீறி அடைத்த காற்றின் வேலை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஆனால் போன ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் சிரித்த சிரிப்பும் காதிலேயே இருந்தது.

“வெயில்தான்,” என்றது பம்பு.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. பந்து ‘போதும்’ என்றால் பம்பு நிறுத்திவிடும். அதற்கு மேல் ஒரு மூச்சு அடிக்காது.

மறுநாள் ஆட்டத்துக்குக் காற்றடிக்கும்போது, அந்த அறையில் மிஞ்சியிருந்த பழைய ஒட்டுப்பந்து, “போதும்ணே,” என்றது.

“அது சொன்னா நீ நிறுத்திடுவியா?” என்றது விசில். “அடி!”

பம்பு அடித்தது.

“அண்ணே, தையல் வலிக்குது.”

“ஜெயிச்சுட்டு வாடா. வந்ததும் காத்தை இறக்கிவிடறேன்.”

ஒட்டுப்பந்து கல்லு மாதிரிப் பறந்தது. எதிரணிக் கோல்காரன் பயந்து கையை எடுத்துக்கொண்டான். ஜெயித்தாயிற்று. கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்தார்கள்; பல்லி முட்டை போன இடம் தெரியவில்லை. அந்தக் கும்மாளத்தில் பம்பு, காற்றை இறக்க மறந்துபோனது. மறந்தது என்றுதான் பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

அடுத்த ஆட்டத்தின் நடுவே ‘டப்’ என்றது.

ஒட்டுப்பந்து வெறும் தோலாக அறைக்குத் திரும்பி வந்தது. பளபளத்துக்கொண்டிருந்த கோப்பை மெல்லக் கேட்டது: “எப்படி ஆச்சு?”

“வெயில்ல வெடிச்சிருக்கும்,” என்றது விசில். பம்பின் பக்கம் திரும்பிச் சிரித்தது. “இல்லையா தம்பி? நீயே சொன்னதுதானே?”

வலை பம்பையே பார்த்தது. பம்பு தலையை ஆட்டியது.

சாயங்காலம் கடையிலிருந்து ஒரு புதுப்பந்து வந்தது. மூலையில் கிடந்த இரண்டு தோல்களையும் பார்த்துவிட்டு, “அண்ணே, இவங்க ஏன் இப்படிக் கெடக்காங்க?” என்று கேட்டது.

பம்பு வாயைத் திறந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

பிறகு ஊசியைத் தண்ணீரில் நனைத்து, பந்தின் துளையைத் தேடியது.