மாடியின் கடைசி அறை

சர்வதேசப் பள்ளிக்கு மறுநாள் வெளிநாட்டுக் குழு வருகிறது. உள்ளூர்ப் பண்பாட்டையும் பார்ப்பார்களாம். பிள்ளைகளுக்குத் தமிழே வராது என்று ஆசிரியர்கள் கைவிரித்ததும் முதல்வர் ஆயா பவுனம்மாவைக் கூப்பிட்டார்.

“தமிழ் சரளமாப் பேசுற பிள்ளைங்க வேணும். இல்லேன்னா நீ இனிமே வேலைக்கு வர வேண்டாம்.”

“சரிங்க சார்.”

மறுநாள் மதியம் அவள் முதல்வரையும் குழுவையும் மாடியின் கடைசி அறைக்கு அழைத்துப்போனாள். உள்ளே பிள்ளைகள் விடுகதை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைவி மகிழ்ந்துபோனாள்.

“இது தமிழ் வகுப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“இல்லை மிஸ். தமிழில் பேசினால் தண்டனையாக இங்கே உட்காரவைப்பார்கள்” என்றாள் ஒரு சிறுமி, நல்ல ஆங்கிலத்தில்.

முதல்வர் பவுனம்மாவை முறைத்தார்.

“நீங்க பொறுக்கி வெச்ச பிள்ளைங்கதான் சார். நாளைக்கு நான் வரலாங்களா?”

குழு பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டினார்.

பவுனம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். இன்னும் மாடிப்படி கூட்டவில்லை.